கார்ட்டூன் என்றால் பிள்ளைகளின் சரக்கா?

கார்ட்டூன் படம் என்றால் அது சிறுபிள்ளைகளுக்கானது என்பது எம்மில் பலரது முடிவாகும். பிள்ளை அழுதால் கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்துவிட்டு உம்மாமார் அடுப்படி வேலையைப் பார்க்கிறார்கள். கார்ட்டூன் முகம் பதித்த புத்தகப்பை கடைக்கு வந்தால் நாமும் யோசிக்காமல் அதைப் பிள்ளைகள் பக்கத்தில் தொங்கவிடுகிறோம். ஆனால் பிள்ளைகள் தனியாகப் பார்க்கக்கூடாது என்று முத்திரை குத்தப்பட்ட கார்ட்டூன் படங்களும் கடந்த ஐம்பது வருடங்களுக்கும் மேலாக உலகச் சந்தையில் விற்பனையாகி வருகின்றன. 2025 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவ்வாறான முத்திரை பெற்ற ஒரு ஜப்பானியப் படம், உலகம் முழுவதும் 700 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது.

"வியாபாரப் பத்தியில் சினிமாப் பேச்சு எதற்கு?" என்று எமது ஹாஜிமார் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்தப் படங்களைப் பாருங்கள் என்று நான் எழுதவரவில்லை. இவற்றில் பலவற்றில் எமது வீடுகளுக்குள் வரக்கூடாத ஆபாசமும் கெட்ட பேச்சும் நிறைந்திருக்கின்றன. எனினும் ஒரு சந்தையைப் படிப்பது வேறு, அந்தச் சந்தையின் சரக்கை வாங்குவது வேறு. இந்தச் சந்தையைப் படிக்க இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, முதலுக்கும் சந்தையின் அளவுக்கும் உள்ள தொடர்பை இந்தத் துறை போலத் தெளிவாகக் காட்டும் துறைகள் குறைவு. இரண்டாவது, இந்தப் படங்களின் உருவங்கள் ரீசேட்டாகவும் பையாகவும் பொம்மையாகவும் எமது கடைகளுக்குள் வந்து சேர்கின்றன.

முத்திரையின் கணக்கு

அமெரிக்காவில் திரைப்படத் துறையினரே 1968 இல் ஒரு தர முறையைக் கொண்டுவந்தார்கள். அதன்படி "ஆர்" என்ற முத்திரை பெற்ற படத்துக்கு 17 வயதுக்குக் குறைந்தவர் பெற்றோரோ வளர்ந்த பாதுகாவலரோ இல்லாமல் போக முடியாது. அதைவிடக் கடுமையாக அக்காலத்தில் "எக்ஸ்" என்ற முத்திரை இருந்தது.

இந்த முத்திரை விழுந்தால் வியாபாரத்துக்கு என்ன நடக்கும்? பிள்ளைகளுக்கான கார்ட்டூன் படம் ஒன்றுக்கு வாப்பா, உம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஒரு வீட்டிலிருந்து ஐந்து டிக்கட் போகும். போதாக்குறைக்கு பொம்மையும் பென்சில் பெட்டியும் கேட்டுப் பிள்ளை அடம்பிடிக்கும். வளர்ந்தோர் படத்துக்கு அதே வீட்டிலிருந்து ஒரு டிக்கட் போனால் பெரிது. ஆகவே முத்திரை விழுந்த அன்றே சந்தை சுருங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு முதல் போட்டவர்கள் பிழைத்தார்கள், தெரியாமல் போட்டவர்கள் முழுகினார்கள்.

முதல் உதாரணம் 1972 இல் வந்த பிரிட்ஸ் த கெட் என்ற படம். ரால்ப் பக்ஷி என்பவர் இயக்கியது. அமெரிக்காவில் "எக்ஸ்" முத்திரை பெற்ற முதலாவது முழுநீளக் கார்ட்டூன் இதுதான். அதன் செலவு ஒரு மில்லியன் டொலருக்கும் குறைவு. விநியோகித்தவர்கள் முத்திரையை மறைக்கவில்லை. மாறாக அதையே விளம்பரமாக்கினார்கள். போட்ட முதலைப் போலப் பல மடங்கு வந்து சேர்ந்தது. உடனே 1974 இல் வேறொருவரை வைத்து இரண்டாம் பாகம் எடுத்தார்கள். அது முதல் படத்தின் வெற்றியை எட்டவில்லை. புதுமை ஒரு தடவைதான் விற்கும் என்பதை புறக்கோட்டையில் ஒரு பெருநாள் சீசன் பார்த்த எவரும் அறிவர். போன பெருநாளைக்கு ஓடிய அதே டிசைனை இந்தப் பெருநாளைக்கும் இரட்டிப்பாக இறக்கியவரின் களஞ்சியத்தைப் போய்ப் பாருங்கள்.

வசூல் வேறு, இலாபம் வேறு

பத்திரிகைகளில் வரும் வசூல் தொகையைக் கண்டு மயங்கக்கூடாது. டிக்கட் பணத்தில் ஏறத்தாழப் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும். விளம்பரச் செலவு படத்தின் செலவுக்குள் அடங்காது, அது தனி. ஆகவே செலவைப் போல இரண்டு மடங்கு வசூலித்த படம்கூட நட்டத்தில் இருக்கலாம். ஒரு நாள் விற்பனையை இலாபமென்று எண்ணி வீட்டுச் செலவுக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் செய்யும் தவறும் இதுவேதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சில கணக்குகளைப் பார்ப்போம். 2016 ஆம் ஆண்டு கோடைகாலத்தில் அமெரிக்காவில் இரண்டு கார்ட்டூன் படங்கள் ஓடின. ஒன்று பிள்ளைகளுக்கான பைன்டிங் டோரி. செலவு சுமார் 200 மில்லியன் டொலர், உலக வசூல் 1000 மில்லியனைத் தாண்டியது. மற்றது "ஆர்" முத்திரை பெற்ற சொசேஜ் பார்ட்டி. செலவு 19 மில்லியன், வசூல் சுமார் 140 மில்லியன். தொகையைப் பார்த்தால் முதலாவது யானை, இரண்டாவது ஆடு. ஆனால் போட்ட ஒரு டொலருக்கு எவ்வளவு வந்தது என்று பார்த்தால் யானைக்கு ஐந்து, ஆட்டுக்கு ஏழு. சிறிய சந்தைக்குச் சிறிய முதல் என்ற விதியை அவர்கள் மீறவில்லை. இதே படத்துக்கு 100 மில்லியன் செலவழித்திருந்தால் அதே 140 மில்லியன் வசூல் படுநட்டமாக முடிந்திருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2015 இல் அனொமலிசா என்ற பொம்மை அசைவுப் படம் வந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் பெரிய பரிசு பெற்றது. ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. "ஆர்" முத்திரையோடு அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் படம் அதுதான். செலவு 8 மில்லியன் டொலர், வசூல் 6 மில்லியனைக்கூடத் தொடவில்லை. பாராட்டு வங்கிக் கணக்கில் வரவாகாது. எட்டு மில்லியன் என்பது ஹொலிவூட் கணக்கில் சொற்பம்தான். ஆனால் அந்தப் படத்தின் சந்தை அதைவிடவும் சொற்பமாக இருந்தது. "குறைந்த முதல்" என்று தனியே ஒன்று கிடையாது. சந்தையோடு ஒப்பிட்டுத்தான் முதல் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும்.

முத்திரை எந்த அளவுக்கு விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு இன்னுமொரு சோடி உதாரணம் உண்டு. சவுத் பார்க், சிம்ப்சன்ஸ் ஆகிய இரண்டும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலமான, வளர்ந்தவர்களும் விரும்பிப் பார்த்த கார்ட்டூன் தொடர்கள். 1999 இல் சவுத் பார்க் படம் "ஆர்" முத்திரையோடு வந்தது. செலவு 21 மில்லியன், வசூல் சுமார் 83 மில்லியன். 2007 இல் சிம்ப்சன்ஸ் படம் அதைவிட இலேசான "பி.ஜி. 13" முத்திரையோடு வந்தது. செலவு 75 மில்லியன், வசூல் 530 மில்லியனுக்கு மேல். இரண்டுமே இலாபம்தான். ஆனால் இரண்டாமவர் குடும்பத்துக்குக் கதவைத் திறந்து வைத்தார், அதற்கேற்ற முதலும் போட்டார்.

ஜப்பான்காரரின் வழி

இங்கே ஒரு கேள்வி எழும். முத்திரை சந்தையைச் சுருக்கும் என்றால், ஜப்பானியப் படம் எப்படி 700 மில்லியனைத் தாண்டியது?

அந்தக் கதை 2016 இல் ஒரு வாரச் சஞ்சிகையில் படக்கதையாக ஆரம்பித்தது. டீமன் ஸ்லேயர் என்பது அதன் ஆங்கிலப் பெயர். 2019 இல் தொலைக்காட்சித் தொடரானது. 2020 ஒக்டோபரில், கொரோனா காலத்தில், முதல் திரைப்படம் வந்தது. ஜப்பானில் மட்டும் 40 பில்லியன் யென்னுக்கு மேல் வசூலித்து, 2001 இல் வந்த ஸ்பிரிட்டட் அவே என்ற படம் நீண்டகாலம் வைத்திருந்த சாதனையை முறியடித்தது. 2021 இல் அமெரிக்காவுக்குப் போனபோது "ஆர்" முத்திரை விழுந்தது. அப்படியிருந்தும் முதல் வார இறுதியில் 21 மில்லியன் டொலர் வந்தது. 2025 செப்டெம்பரில் அடுத்த படம் அதே முத்திரையோடு போய், முதல் வார இறுதியில் மட்டும் சுமார் 70 மில்லியன் ஈட்டியது.

இதில் மாயம் எதுவும் கிடையாது. முதலில் புத்தகம், பிறகு தொலைக்காட்சி, அதன் பிறகே தியேட்டர். வாடிக்கையாளரைச் சேர்த்த பிறகு கடையைத் திறந்தார்கள். சவுத் பார்க்கும் 1997 முதல் தொலைக்காட்சியில் ஓடித்தான் படமானது. எம்மவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிரதான வீதியில் முற்பணம் கொடுத்துக் கடை எடுத்து, கண்ணாடி போட்டு, ஏ.சி. பூட்டி, கடனுக்குச் சரக்கு நிரப்பிவிட்டு, அதன் பிறகு வாடிக்கையாளரைத் தேடி வாசலைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சந்தையில் ஓடாத சரக்கு இன்னொரு சந்தையில் ஓடும். 1995 இல் வந்த கோஸ்ட் இன் த ஷெல் என்ற ஜப்பானியப் படம் தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. ஆனால் 1996 இல் அமெரிக்காவில் வீடியோ கசெட்டாக வந்தபோது பில்போர்ட் சஞ்சிகையின் வீடியோ விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிள்ளைகளோடு தியேட்டருக்குப் போய்ப் பார்க்க முடியாததை இளைஞர்கள் வீட்டில் பார்த்தார்கள். சொசேஜ் பார்ட்டிகாரரும் 2024 இல் அடுத்ததை இணையவழித் தொடராகவே வெளியிட்டார்கள்.

கடதாசி சரியில்லாத வியாபாரம்

1981 இல் கனடாக்காரர் எடுத்த ஹெவி மெட்டல் என்ற "ஆர்" முத்திரைக் கார்ட்டூன் தியேட்டரில் ஓரளவு நன்றாகவே ஓடியது. ஆனால் வீடியோ கசெட் வியாபாரம் உச்சத்தில் இருந்த காலம் முழுவதும் அந்தப் படத்தைச் சட்டபூர்வமாகக் கசெட்டில் விற்க முடியவில்லை. காரணம், படத்தில் இருந்த பாடல்களை வீடியோவில் பயன்படுத்தும் உரிமை கையில் இருக்கவில்லை. 1996 இல்தான் கசெட் வெளிவந்தது. பதினைந்து வருட விற்பனை ஒரு கடதாசிக் குறையால் போனது.

பிரிட்ஸ் என்ற பூனையைப் படக்கதையாக முதலில் வரைந்த ரொபர்ட் கிரம்ப் என்ற ஓவியருக்கும் அந்தப் படத்தில் திருப்தி இருக்கவில்லை. 1972 இலேயே தனது படக்கதையில் அந்தப் பூனையைச் சாகடித்துவிட்டார். கொடுக்கல் வாங்கலில் இருதரப்பு மனப்பொருத்தம் வேண்டும் என்று எமது மார்க்கம் சொல்வதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. பங்காளியோடும் காணிக்காரரோடும் வாய்ப்பேச்சில் வியாபாரம் நடத்தும் எம்மவர் இதைக் கவனிக்க வேண்டும். கடனை எழுதி வைக்கச் சொன்ன குர்ஆனை ஓதுகின்ற நாம், "நானாவோடு என்ன எழுத்து?" என்று விட்டுவிடுகிறோம். நானா மௌத்தாகிய பிறகு மக்களோடு கோட்டுக்குப் போகிறோம்.

யார் வயிற்றில் அடித்து மிச்சம் பிடிப்பது?

சொசேஜ் பார்ட்டி படத்தின் குறைந்த செலவை மேலே மெச்சினேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது அமானிதமாகாது. கனடாவின் வன்கூவர் நகரில் அந்தப் படத்தை வரைந்த ஊழியர்கள் சிலர், மேலதிக நேர வேலைக்குச் சம்பளம் தரப்படவில்லை என்றும், வேலை செய்த பலரது பெயர்கள் படத்தில் போடப்படவில்லை என்றும் 2016 இல் முறையிட்டார்கள். நிறுவனம் மறுத்தது. தொழிற்சங்கம் விடயத்தைக் கையில் எடுத்தது. 2019 இல் அந்த மாகாணத்தின் தொழில் நியமங்கள் அலுவலகம் ஊழியர்களின் பக்கம் முடிவு சொன்னது.

140 மில்லியன் வசூலித்த படத்துக்கு இரவிரவாக விழித்து வேலை செய்தவன் தனது ஓவர்டைம் காசுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. கூலியை வியர்வை உலருமுன் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. ஆனால் ரமழான் இருபத்தேழாம் நாள் இரவு பன்னிரண்டு மணி வரை கடையில் நிற்கும் பையனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஒரு சாரமும் ஒரு சேர்ட்டும் கொடுத்து அதற்கு "பெருநாள் சந்தோசம்" என்று பெயர் வைத்தால் ஓவர்டைம் தீர்ந்துவிடுமா? செலவைக் குறைப்பது கெட்டித்தனம். ஆனால் வாடகை, மின்சாரம், வீண் ஆடம்பரம் ஆகியவற்றில் கைவைக்காமல் சம்பளத்தில் மட்டும் கைவைப்பவரின் இலாபத்தில் பரகத்தை எதிர்பார்க்க முடியாது.

எமது இறாக்கைக்கு வருவோம்

இனி எமது கடைகளோடு நேரடியாகத் தொடர்பான விடயம். ஒரே படத்துக்கு நாட்டுக்கு நாடு முத்திரை மாறுகிறது. அமெரிக்காவில் "ஆர்" பெற்ற டீமன் ஸ்லேயர் படங்களுக்கு ஜப்பானில், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் வழிகாட்டல் வேண்டும் என்ற இலேசான முத்திரைதான். சொசேஜ் பார்ட்டிக்கு பிரான்ஸில் 12 வயதுக் கட்டுப்பாடு மட்டும் விதித்தார்கள். அங்குள்ள கத்தோலிக்கப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2016 ஜூனில் கலிபோர்னியாவில் ஒரு தியேட்டரில் பைன்டிங் டோரி பார்க்க வந்த சிறு பிள்ளைகளுக்கு முன்னால் சொசேஜ் பார்ட்டியின் விளம்பரத் துண்டு தவறுதலாக ஓடிவிட்டது. தியேட்டர்காரர் மன்னிப்புக் கேட்டார்கள். எல்லாமே கார்ட்டூன்தானே என்று வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

வளர்ந்தோர் முத்திரை என்றால் எல்லாமே ஆபாசம் என்றும் எண்ண வேண்டாம். 2008 இல் வந்த வோல்ட்ஸ் வித் பஷீர் என்ற இஸ்ரேலியக் கார்ட்டூன் படம், 1982 இல் லெபனானில் சப்ரா, ஷதீலா முகாம்களில் பலஸ்தீனர்கள் கொன்று குவிக்கப்பட்ட சம்பவத்தை ஒரு சிப்பாயின் ஞாபகமாகச் சொல்கிறது. சுமார் 2 மில்லியன் டொலர் செலவு, சுமார் 11 மில்லியன் வசூல். கொல்லப்பட்டவர்களின் கதையையும் முகாமைச் சுற்றி நின்ற பக்கத்தவரே சொல்லி விற்கிறார்கள் என்பது வேதனையான உண்மை. அதுபோல் டீமன் ஸ்லேயரில் இருப்பது வாள்வெட்டும் இரத்தமும் சாத்தானும்தான். ஆனாலும் எந்தக் காரணத்துக்காக முத்திரை விழுந்திருந்தாலும், அது ஏழு வயதுப் பிள்ளையின் பைக்குப் பொருத்தமானதல்ல.

சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு வரும்போது அதில் எந்த முகம் இருக்கிறது என்று எம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? "ஓடுகிற டிசைன்" என்றால் போதும் என்று இறக்குகிறோம். இவ்விடயத்தில் எனது சிபாரிசுகள் நான்கு.

முதலாவது, சரக்கில் உள்ள உருவம் எந்தக் கதையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் ஓ.எல். படிக்கும் மகனிடமோ மருமகனிடமோ கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் அதன் முத்திரையையும் தேடிச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, அந்த உருவத்தைப் பதிக்க உரிமை பெற்ற சரக்கா என்று விநியோகித்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எமது நாட்டில் அமுலில் இருக்கிறது. அது வெள்ளைக்காரன் சட்டம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. வர்த்தகப் பெயர், வர்த்தகச் சின்னம், படைப்புரிமை ஆகியவை சொந்தக்காரரின் ஹக் என்றும், அவற்றில் வரம்பு மீறக்கூடாது என்றும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 இல் குவைத்தில் நடந்த அமர்விலேயே தீர்மானித்திருக்கிறது. உருவப் படங்கள் பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது எனது துறையல்ல.

மூன்றாவது, வளர்ந்தோர் கதையின் சரக்கை விற்பதென்று நீங்கள் முடிவெடுத்தால், அதை வாலிபர்களின் பக்கத்தில் வையுங்கள். சிறுபிள்ளைக்கு வாங்க வரும் தாயிடம் "இது பெரியவர்களின் கதை" என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு பை விற்காமல் போகலாம். ஆனால் அந்தத் தாய் அடுத்த பெருநாளைக்கும் உங்கள் கடைக்குத்தான் வருவார். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் பயானில் கேட்டதுதான். மழை நனைத்தது அவரது குற்றமல்ல. நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம். சிரிக்கும் கார்ட்டூன் முகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் விற்பதும் அந்தக் குவியலைப் போன்றதே.

நான்காவது, இவ்வகைச் சரக்கின் சந்தை சிறியது, ஆயுளும் குறைவு. எனவே சிறிதாக இறக்குங்கள். காசோலைக்கு எடுத்துக் களஞ்சியத்தை நிரப்பாதீர்கள். காசோலை மாறும் நாளில் டிசைன் பழசாகிவிட்டிருக்கும்.

ஒரு மனிதன் வளர்ந்தோர் கார்ட்டூனில் கோடிகளைச் சம்பாதித்தான் என்பதற்காக அந்தக் காசு எமக்கும் ஆகுமானதாகிவிடாது. ஆனால் அவன் கணக்குப் போட்ட விதத்தை நாம் கற்றுக்கொள்வதில் தடை எதுவும் இல்லை. யார் வாங்குவார் என்று பார்த்தான், அவ்வளவுக்கு மட்டும் முதல் போட்டான், இது இன்னாருக்குரிய சரக்கு என்று பொதியின் மேலேயே எழுதி விற்றான். எமது ஹலாலான துணிக்கும் சாப்பாட்டுக்கும் பாதணிக்கும் இந்த மூன்றையும் நாம் செய்கிறோமா என்று ஒவ்வொருவரும் தமது கடையில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். வல்ல அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களில் நேர்மையையும் பரகத்தையும் தந்தருள்வானாக.